தாய்ப்பக்கமும் சேய்ப்பொருளும்

கடைத்தெருவில் வேட்டி வாங்கப் புகுந்தவர் "நான்கு முழம், அரக்குக் கரை" என்பார். கடைக்காரர் அடுக்கிலிருந்து எடுத்துப் போடுவார். நீளம் வேறாயினும் கரை வேறாயினும் சரக்கு ஒன்றே என்பது இருவர்க்கும் தெரியும். இணையச் சந்தையிலோ அவ்வடுக்கினை விற்பவரே முன்கூட்டிக் கட்டி வைத்தல் வேண்டும். கட்டும் முறை அறியாமையால், நல்ல துணி நெய்தும் விலைபோகாது நிற்கும் கைத்தறியாளர் உளர்; விற்ற துணி திரும்பி வரக்கண்டு வருந்துவோரும் உளர்.

அமேசான் முதலிய சந்தைகளில் ஒரு பொருளின் வேறுபாடுகளைத் தொகுக்கும் முறை தாய்-சேய் முறையாகும். தாய் விற்கப்படும் பொருளன்று. அதற்கு விலையுமில்லை, இருப்புமில்லை. சேய்களைத் தன்கீழ்க் காட்டும் பெயர்ப்பலகை அது. விலை, இருப்பு, படம், அடையாள எண் அனைத்தும் சேய்க்கே உரியன. 4 முழம், 8 முழம் என இரு நீளமும், அரக்கு, கரும்பச்சை, கருநீலம், பொன்னிறம், வாடாமல்லி என ஐந்து கரைநிறமும் உடைய வேட்டிக்குத் தாய் ஒன்று, சேய் 10. இப்பத்தினையும் பத்துத் தனிப்பக்கங்களாகச் சிதறவிட்டால், அரக்குக் கரையைக் கண்டவர் பச்சை இல்லைபோலும் என்றெண்ணி வேறொருவர் கடைக்குச் சென்றுவிடுவார். பச்சையோ அடுத்த பக்கத்திலேயே கிடக்கும்! (வெட்டப்படுவது வேட்டி, துணிக்கப்படுவது துணி என்பர். அதனை 'வேஷ்டி' ஆக்கி வடமொழிக் கோலம் புனைந்தோர் திறத்தைப் பிறிதொருகால் பேசலாம்.)

வேறுபாட்டிற்கு அடிப்படை நிறம் மட்டுமா, அளவு மட்டுமா, இரண்டுமா என்பதைத் தாயை அமைக்கும்போதே முடிவு செய்தல் வேண்டும். நிறத்தை மட்டும் குறித்துவிட்டுப் பின்னர் நீளத்தைச் சேர்க்கப் புகுவோர்க்குப் பெரும்பாலும் பழைய தாயை நீக்கிப் புதிதாகக் கட்டும் வேலையே எஞ்சும். 8 முழத்தில் வாடாமல்லிக் கரை நெய்யப்படுவதில்லை எனின் அச்சேய் பிறத்தலே கூடாது, ஒன்பதே போதும். முழக்கணக்கு அறியாத வடபுலத்தாரும் வாங்குவராதலின் மீட்டரிலும் நீளம் குறிக்கப்படல் வேண்டும். அளந்தது 1.80 மீட்டர் ஆயின் 1.80 என்றே எழுதுக. 2 என எழுதற்க. அவ்விருபது செண்டிமீட்டர்க் குறைவே துணியைத் திருப்பி அனுப்பப் போதிய கரணியம் ஆகிவிடும்.

படத்திலும் அத்தகைய நேர்மையே வேண்டும். ஒரு வேட்டியைப் படமெடுத்துக் கணிப்பொறியில் கரையின் நிறத்தை மட்டும் மாற்றி ஒன்பதாக்கும் குறுக்குவழி பரவி வருகின்றது. சாயத்தொட்டியில் தோய்ந்த நூலின் நிறமும் பொறி பூசிய நிறமும் ஒன்றாகா. பிரித்துப் பார்த்தவர் ஏமாற்றமுற்றுத் திருப்பிவிடின், மடிப்புக் கலைந்த துணியும் அனுப்புகைச் செலவும் விற்றவர் தலையிலேயே விழும்.

இனி, தாய்ப்பக்கத்தைத் தீநெறிக்குப் பயன்படுத்துவார் பற்றியும் சொல்லல் வேண்டும். நற்பெயர் பெற்ற பழைய பொருளின் தாயோடு, தொடர்பில்லாப் புதுப்பொருளைச் சேயென ஒட்டிவைத்து, பழையதற்கு வாங்குவோர் எழுதிய மதிப்புரைகளைப் புதியதற்கும் உரியனவாகக் காட்டுவது அவர் சூழ்ச்சி. 2023-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் வைட்டமின் குளிகைகள் விற்கும் பவுண்டிபுல் நிறுவனத்தின்மேல் இக்குற்றத்தையே சாட்டியது. அந்நிறுவனம் 6,00,000 டாலர் செலுத்த இசைந்தது. கைத்தறி வேட்டிப் பக்கத்தில் விசைத்தறி வேட்டியைச் சேயாக நுழைப்பாரது செயலும் இவ்வினத்ததே. அங்கே ஏமாறுபவர் வாங்குவோர் மட்டுமல்லர். தறிக்குழியில் கால்வைத்து நெய்தவனின் உழைப்பும் களவாடப்படுகின்றது.

நிறப்பெயர் ஒன்று எஞ்சுகின்றது. துணிவகைகட்கு அமேசானில் நிறத்திற்கென இரு கட்டங்கள் உள. ஒன்று சந்தை வகுத்த பட்டியலினின்று தேர்வது. வாங்குவோர் 'சிவப்பு' எனச் சல்லடையிட்டுத் தேடும்போது பொருள் அகப்பட உதவுவது. மற்றொன்று விற்பவர் தாமே பெயரிடுவது. முன்னதைப் பட்டியலின்படி நிரப்புவதில் இழுக்கில்லை. நிரப்பாது விடின் பொருள் தேடலிலேயே அகப்படாது. பின்னதில் ஏன் 'மெரூன்' என்றும் 'பீக்காக் புளூ' என்றும் எழுதல் வேண்டும்? அரக்கு, மயிற்கழுத்து, கிளிப்பச்சை, மாந்தளிர், கத்தரிப்பூ, வெங்காயத்தோல் என்று நெசவாளர் நாவில் நிலவும் பெயர்கள், ஆங்கிலப் பெயர்களினும் நுட்பமாக நிறத்தைக் காட்டுவன அல்லவா? அமேசான் இந்தியச் சந்தையில் 2020-ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே பார்த்து வாங்கும் வழி திறக்கப்பட்டது. தமிழில் வாங்க வருபவர்க்கு 'அரக்கு' என்றால் போதும். பிறர்க்கு உதவவே பட்டியற் கட்டம் உளது. தமிழெழுத்தை ஏலாத கட்டமாயின், அரக்கு என்னும் சொல்லையே ஆங்கில எழுத்தால் எழுதலாம், சொல் மாறவேண்டுவதில்லை.

ஒவ்வொரு சேய்க்கும் விற்பவர் இடும் சரக்குக் குறியீட்டை, மடித்த துணியின் சீட்டிலும் அதேபடி எழுதி ஒட்டுதல் நன்று. கருநீலம் கேட்டவர்க்குக் கரும்பச்சை செல்வது பெரிதும் பொதி கட்டுமிடத்து மாலை மங்கலிலேதான்.