கடலைத் தவிர எல்லாம் இருந்தது

ஊர் திரும்பி ஒரு மாசம் ஆகிறது. திட்டக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் தலை தெரிந்தால் போதும், "என்ன மாமா, டைட்டானிக் எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். "நல்லாத்தான்டா இருந்துச்சு" என்று டீயோடு சேர்த்து விழுங்கிவிடுகிறேன். உள்ளதைச் சொன்னால், "சிங்கப்பூர்ப் பிள்ளை காசைக் கொட்டிக் கூட்டிட்டுப் போயிருக்கான், இந்த ஆளுக்குக் கொழுப்பப் பாரு" என்பார்கள். அங்கே வாயை மூடிக்கொண்டதை எல்லாம் இங்கே கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

சிங்கப்பூர் மரீனா பேயில் ஏறி பினாங்கு, லங்காவி, புக்கெட், கிள்ளான் என்று சுற்றி மறுபடி சிங்கப்பூர். ஏழு ராத்திரி. கீழச்செருவாய் வெலிங்டன் ஏரியையே கடல் என்று நினைத்து வளர்ந்தவன் நான். ஏழு நாளும் ஓரமாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்ற ஒரே ஆசையில்தான் சரி என்றேன்.

ஏறும்போதே சகுனம் சரியில்லை. பெட்டியை மிஷினில் விட்டு, என் வீட்டம்மா மகனுக்கென்று திட்டக்குடியிலிருந்து சுமந்துவந்து, மிச்சத்தைக் கப்பலுக்கும் எடுத்துவைத்திருந்த பூண்டு ஊறுகாயையும் இட்லிப் பொடியையும் வெளியே எடுத்துப் போட்டார்கள். வீட்டில் செய்த பண்டம் உள்ளே வரக்கூடாதாம். வெந்நீர் கெட்டிலுக்கு ஒரு சீட்டு ஒட்டி, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஊறுகாய்க்குச் சீட்டு கிடையாது, குப்பைத் தொட்டிதான். பினாங்கு வரும்வரை அந்த ஊறுகாய்க்குத் துக்கம் காத்தோம்.

அறையைத் திறந்தால் நாலு பக்கமும் சுவர். ஜன்னல் இருக்கும் என்று நினைத்துத் திரையை விலக்கினேன். திரைக்குப் பின்னாலும் சுவர்தான். "அப்பா, இது உள்பக்கத்து ரூம். பால்கனி வச்ச ரூம்னா ரெண்டு மடங்கு காசு" என்றான் பெரியவன். பிறகு ரிமோட்டை எடுத்து ஒரு சேனலை வைத்தான். கப்பலின் மூக்கில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். முன்னால் இருக்கும் கடல் டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடிந்துவிட்டதா என்பதைக்கூட அந்தச் சேனலைப் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நடுக்கடலில் படுத்துக்கொண்டு டிவியில் கடல் பார்த்த கதையை டீக்கடையில் எப்படிச் சொல்வது?

கழிப்பறையைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம். பட்டனை அமுக்கினால் ஆளையே இழுத்துக்கொள்வதுபோல ஒரு உறுமல். சுற்றிலும் கடல், ஆனால் கழுவ ஒரு பைப் கிடையாது, மக்கு கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் ஏழு நாளும் மானத்தைக் காப்பாற்றியது.

சரி, மேல் தளத்துக்குப் போவோம் என்று காலை ஆறரைக்கே போனேன். சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஆளில்லை, எல்லாவற்றிலும் துண்டு. விருத்தாசலம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை நம் ஊர்க் கெட்ட பழக்கம் என்று இத்தனை நாள் திட்டியிருக்கிறேன். உலகத்து ஜனங்கள் அத்தனை பேரும் அதைத்தான் செய்கிறார்கள். பஸ்ஸிலாவது துண்டுக்காரன் ஓடிவந்து உட்காருவான். இங்கே பதினோரு மணிவரை துண்டுதான் வெயில் காய்ந்தது. நின்றுகொண்டே பார்க்கலாம் என்றால் பெரிய திரையில் பாட்டு, மைக்கில் ஒருவர் ஆடக் கூப்பிடுகிறார், மதியம் பிங்கோ. கடலைப் பார்த்துவிட்டால் காசு செலவழிக்க மறந்துவிடுவோம் என்று பயந்து கட்டியதுபோல எல்லா நாற்காலியும் நீச்சல் குளத்தைப் பார்த்துத்தான் போட்டிருந்தது.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழி சூதாட்டக் கூடத்துக்குள்ளே போகிறது. இட்லி கேட்டுப் போகிறவனும் அந்தச் சிகரெட் புகையைக் குடித்துவிட்டுத்தான் போகணும். சென்னையிலேயே கப்பல் விட்டார்களே, அதில் போயிருக்கலாமே என்று டீக்கடையில் ஒரு பையன் கேட்டான். 2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டிலியா கப்பலைச் சொல்கிறான். விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வந்த அந்தக் கப்பலை, சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அப்போது கரைக்கு விடவில்லை. அன்றைக்குப் பேப்பரில் படித்தபோது, இதற்குப் போய் இவ்வளவு ரகளையா என்று நினைத்தவன் நான்.

அடுத்தது என் தொழில் சம்பந்தப்பட்ட வயிற்றெரிச்சல். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பத்துநாலு வருஷம் சூளை பார்த்தவன். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வந்த தொழில் அது. பியூஸ் கேரியர், பொம்மை, கப்பு எல்லாம் செய்வோம். 1,200 டிகிரிக்கு மேல் வெந்து வந்ததை விரலால் சுண்டினால் 'டிங்' என்று மணிபோலக் கேட்கணும். 'டொக்' என்றால் உள்ளே விரிசல், தூக்கிப் போட்டுவிடலாம். முதல்நாள் பஃபேயில் தட்டை எடுத்ததும் பழக்கதோஷத்தில் சுண்டினேன். டொக். அடுத்தது, டொக். அடுக்கு முழுக்க டொக். மெலமைன்! பளபளக்கிற கப்பலில் பிளாஸ்டிக் தட்டில் சோறு. ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் நிஜப் பீங்கான். எந்த ஊர்ச் சரக்கு என்று பார்க்கலாமே என்று தட்டைக் கவிழ்த்தேன். பரிமாறுகிற பிலிப்பைன்ஸ் பெண் ஓடிவந்து, அழுக்கு என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டு வேறு தட்டு வைத்தாள். அதையும் கவிழ்த்தேன். "என்னங்க, மானம் போகுது" என்று வீட்டம்மா கிள்ளினாள்.

அந்தக் கூடத்தில்தான் தூத்துக்குடிப் பையன் ஒருவன் கிடைத்தான். "ஐயா, தமிழா நீங்க?" என்று காதோரம் கேட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து வைத்தான். ஒன்பது மாசக் காண்டிராக்ட், அதில் ஒருநாள்கூட முழு லீவு கிடையாது என்றான். "கடல் எப்படிடா இருக்கு?" என்றேன். "நான் எங்கய்யா பார்த்தேன்? தண்ணி மட்டத்துக்குக் கீழ எங்க ரூம்" என்றான். எனக்கு டிவியாவது இருந்தது.

என் அப்பா இதே தண்ணீரில் போனவர். ஐம்பதுகளில், ராஜுலா கப்பலில். 1926-ல் கட்டிய கப்பல் அது; மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஜனங்களை ஏற்றி இறக்கியே கிழடு தட்டியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய்த்தான் ஏறணும். டெக்கில் பாய் விரித்த இடம்தான் வீடு, பண்டாரி ஆக்கிப் போடுவதுதான் சோறு. "ஒரு வாரமும் கடலத் தவிர பாக்க ஒரு எழவும் இல்லடா" என்று சாகும்வரை அலுத்துக்கொண்டார். அதற்கப்புறம் வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே ஓய்ந்துபோயிற்று.

பினாங்கில் அப்பா கும்பிட்டதாகச் சொன்ன குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலைத் தேடிப் போனோம். 1833-ல் எழுந்த கோயில். கப்பலைவிட்டு இறங்க வரிசை, நம்பர் வாங்க வரிசை, அதில் ஒன்றரை மணி நேரம் போய், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. மாலை திறப்பதற்குள் கப்பல் கிளம்பிவிடும். சாத்திய கதவுக்கு முன்னால் சூடம் ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

கடைசி ராத்திரி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிடணும். காலையில் கட்ட எடுத்துவைத்திருந்த வேட்டியையும் வீட்டம்மா உள்ளே வைத்துக் கட்டிவிட்டாள். கைலியோடு இறங்கினேன். அது போகட்டும். கதவுக்கு அடியில் ஒரு பில் கிடந்தது. எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம் என்று சொன்ன கப்பலில், தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம், தண்ணீர் பாட்டில், இன்டர்நெட், பேரன் குடித்த ஜூஸ் எல்லாம் வரிசையாக இருந்தது. பெரியவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்தப் பில்லில் ஒரு போட்டோவும் அடக்கம். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நானும் வீட்டம்மாவும் நிற்கிறோம். பின்னால் நீலக் கடல், அதில் சூரியன் இறங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று, "ஆஹா, கடல் எவ்வளவு அழகா இருக்கு!" என்கிறார்கள். வீட்டம்மாவும் பெருமையாகத் தலையாட்டுகிறாள். அஞ்சாவது மாடியில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு இரும்புச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த துணித் திரை அது.