அஞ்சல்தலையில் மாறாத ஒரு சொல்

இலங்கையின் பழைய அஞ்சல்தலைகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இரண்டை எடுத்து அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று 1972-க்கு முந்தியது, மற்றது அதற்குப் பிந்தியது. முந்தியதில் ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்றும் சிங்களத்தில் ‘லங்கா’ என்றும் இருக்கும். பிந்தியதில் இரண்டுமே ‘ஸ்ரீ லங்கா’ ஆகியிருக்கும். தமிழ் மட்டும் அப்படியே நிற்கும்: இலங்கை.

1972 மே 22 அன்று குடியரசு அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டின் பெயர் மாறிவிட்டதாக உலகம் தன் வரைபடங்களைத் திருத்திக்கொண்டது. வானொலி நிறுவனமும் ஆங்கிலத்தில் பெயரை மாற்றிக்கொண்டது. தமிழிலோ அது முன்பும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், பின்பும் அதுவே. இன்றும் அந்நாட்டின் கடவுச்சீட்டில் தமிழில் ‘ஸ்ரீ லங்கா’ என்று இருப்பதில்லை. இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு என்றே இருக்கிறது. தமிழ்நாட்டு நாளிதழ் சிலவற்றில் ‘ஸ்ரீலங்கா’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அஞ்சல்தலை நினைவுக்கு வரும். அந்நாட்டு அரசே கடவுச்சீட்டில் தமிழில் எழுதாத பெயரை நாம் ஏன் ஆங்கிலத்திலிருந்து எடுத்து எழுத வேண்டும்?

இந்தத் தீவைப் போலப் பல பெயர்களைத் தாங்கிய நிலம் உலகில் அரிது. அசோகர் தம் பாறைக் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியரோடு சேர்த்துத் ‘தம்பபண்ணி’ என்று குறிப்பிடுவது இத்தீவையே என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. கிரேக்கர் வாயில் அது ‘தப்ரொபேன்’ ஆயிற்று. மெகஸ்தனிஸ் அந்தப் பெயரால்தான் இதை அறிந்திருந்தார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி தந்த அளவுகளை வைத்து வரைந்தால் உண்மை அளவைவிட இத்தீவு பல மடங்கு பெரிதாகத் தெரியும். திருநெல்வேலிக்காரர்களுக்குத் ‘தம்பபண்ணி’ என்ற பெயரில் ஆச்சரியம் இருக்காது. அவர்கள் குளிக்கும் ஆற்றின் பெயரும் தாமிரபரணிதானே! சிங்களவரின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விசயனோடு வந்தவர்களின் கைகளில் செம்மண் ஒட்டிச் செம்பு நிறமாகத் தெரிந்ததால் தீவுக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறது பாலி வரலாற்று நூலான மகாவம்சம். ஆற்றின் பெயர் கடலைக் கடந்து தீவுக்குப் போனதா, தீவின் பெயர் ஆற்றுக்கு வந்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

அடுத்த பெயர்தான் எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது. சிங்களவரைக் குறிக்கும் ‘சீஹள’ என்ற பாலிச் சொல் கடலோடிகளின் வாயில் ஏறிப் பயணம் போனது. 6-ஆம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் ‘சியெலெதிபா’ என்று எழுதினார். அதிலுள்ள ‘திபா’ என்பது தீவு. அராபியர் ‘செரந்தீப்’ என்றார்கள். அந்தச் செரந்தீப்பின் மூன்று இளவரசர்கள் கதையைப் படித்த ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தேடாததை எதிர்பாராமல் கண்டடையும் பேற்றுக்கு ‘செரண்டிப்பிட்டி’ என்று ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லே செய்தார். சீனர்கள் ஒலியை விட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு ‘சிங்க நாடு’ என்று எழுதினார்கள். மார்க்கோ போலோவுக்கு அது ‘செயிலான்’, 1505-இல் வந்த போர்ச்சுகீசியருக்குச் ‘செய்லாவ்’, ஒல்லாந்தருக்குச் ‘சைலான்’, ஆங்கிலேயருக்குச் ‘சிலோன்’.

ஆக, அந்நியர் வைத்த பெயர் என்று 1972-இல் நீக்கப்பட்ட சிலோனின் வேர் சிங்களம் என்ற சொல்லிலேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக ஏற்ற ‘லங்கா’வோ தமிழும் சமற்கிருதமும் பாலியும் சிங்களமும் பொதுவாக ஆண்ட சொல். பெயர் மாற்றத்தைத் தனி உரிமையின் அடையாளமாகப் பார்த்தவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம்.

இனி ஈழம். இந்தச் சொல்லைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கள் பலர்; தயங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். மதுரைக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்துக் குகையில் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று கற்படுக்கை செய்து கொடுத்த ஒருவரை ‘ஈழக் குடும்பிகன்’ என்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து இறங்கிய பண்டங்களைச் சொல்லும் பட்டினப்பாலை, ஈழத்திலிருந்து வந்த உணவையும் சேர்த்துச் சொல்கிறது. சங்கப் புலவர்களில் ஒருவர் பெயரே ஈழத்துப் பூதன்தேவனார். முதலாம் பராந்தகன் மதுரையும் ஈழமும் கொண்டவன் என்று பட்டம் சூடினான். சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு புழங்குகிறது. கால்டுவெல் சீஹளத்திலிருந்தே ஈழம் வந்தது என்றார். ஈழம் என்பதற்குக் கள், பொன் என்ற பொருள்களும் உண்டு என்று காட்டி, அது தனித் தமிழ்ச் சொல்லே என்று மறுத்தவர்களும் உண்டு. கால்டுவெல் சொன்னது சரியென்றால் சிலோனும் ஈழமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இந்த இடங்கள் எல்லாவற்றிலும் ஈழம் என்றால் முழுத் தீவுதான், அதில் ஒரு பகுதி அல்ல. 1930-இல் யாழ்ப்பாணத்தில் ‘ஈழகேசரி’ தொடங்கியபோதும், 1959-இல் ‘ஈழநாடு’ வந்தபோதும் யாரும் அதில் பிரிவினையைப் பார்க்கவில்லை. பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கம் செய்த இலங்கைத் தேசிய கீதத்துக்குள்ளேயே ஈழம் என்ற சொல் இருக்கிறது. 1976 மே 14 அன்று தமிழ்த் தலைவர்களின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனியரசு கேட்டபோது முன்னால் ‘தமிழ்’ என்ற அடைமொழியைச் சேர்த்துத் ‘தமிழீழம்’ என்று சொல்ல வேண்டியிருந்தது, வெறும் ஈழம் முழுத் தீவையும் குறித்ததால்தான். 1983 ஆகஸ்டில் அரசமைப்பின் ஆறாம் திருத்தம் தனியரசுக் கோரிக்கையைச் சட்டவிரோதமாக்கிய பிறகு, பட்டினப்பாலை காலத்துச் சொல் ஒன்று சந்தேகத்துக்குரிய சொல்லாகிவிட்டது. உள்நாட்டுப் போர் மனிதர்களைக் கொன்றது, ஊர்களை அழித்தது. ஒரு பழைய சொல்லிடமிருந்து அதன் முழு நிலத்தையும் பறித்துக்கொண்டது என்பதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

இலங்கை என்ற சொல் இந்த அளவு அடிபடவில்லை. கோதாவரி கழிமுகத்துக்குப் போனால் ஆற்றிடைத் திட்டுகளை இன்றும் ‘லங்க’ என்றுதான் தெலுங்கர் சொல்கிறார்கள். அந்த மண்ணில் விளையும் புகையிலை லங்கப் புகையிலை. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டிலும் ஒரு மாவிலங்கை இருந்தது. இராமாயணத்துக்கு வெளியேயும் இப்படி எளிய மண்பெயராக அந்தச் சொல் வாழ்ந்திருக்கிறது.

அது ஆட்சிச் சொல்லாக நின்றதற்கு என் மனத்தில் நிற்கும் சான்று ஒரு கல். 1911-இல் காலி நகரில் ஒரு மதகை மூடியிருந்த கற்பலகையைப் புரட்டியபோது அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி எழுத்துகள் இருந்தன. சீனக் கடலோடி செங் ஹோ கொண்டுவந்தது அது. பொறித்த ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தெவிநுவரையிலிருந்த தேனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. சீனத்தில் தீவின் பெயர் சிலோனுக்கு உறவான ‘ஷி-லான்’. தமிழில் இலங்கை இராச்சியம். சீனப் பேரரசருக்குத் தம் மொழியில் வழங்கிய பெயரையே எல்லா மொழியிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தந்த மொழி அந்தத் தீவை எப்படி அழைத்ததோ அப்படியே வெட்டச் சொல்லியிருக்கிறார். அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

‘ஸ்ரீ’ தமிழில் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இலக்கணம் மட்டும் காரணமில்லை. 1957-இல் வாகன எண்பலகைகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. தமிழ்ப் பகுதிகளில் அதைத் தார் பூசி அழித்தார்கள்; தெற்கில் கடைப் பலகைகளின் தமிழ் எழுத்துகளைத் தார் பூசி அழித்தார்கள். 1958 மே மாதம் இனக்கலவரத்தில் இரத்தம் சிந்தியது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே எழுத்து நாட்டின் பெயருக்கு முன்னால் வந்து நின்றது. மங்கலத்தைக் குறிக்கும் எழுத்துதான். ஆனால் தார் மணத்தை மறக்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்? அந்நாட்டு அரசமைப்பின் தமிழ் வடிவம் குடியரசின் பெயரில் அதை ஏற்காமல் இலங்கை என்றே விட்டது பெரிய நன்மை. அந்த நன்மையைத் தமிழ்நாட்டுச் செய்தி மேசைகள் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இத்தனைக்கும் அப்பால், ஆவணங்களில் ஏறாத பெயர் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கப்பலேறியவர்களுக்கு அந்நாடு இலங்கையுமில்லை, ஈழமுமில்லை. அது ‘கண்டிச் சீமை’. அந்த மலையைத் தேயிலையாக்கியவர்களின் பிள்ளைகளை 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பிறந்த மண்ணை விட்டு, பார்த்தேயிராத நாட்டுக்கு வந்தவர்களுக்கு அரசு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயரிட்டது.

அவர்களில் பலர் நீலகிரிக்குப் போய் மறுபடியும் தேயிலை பறித்தார்கள். சிலோன் என்ற பெயரை இலங்கை அரசு 1972-இல் நாட்டிலிருந்து நீக்கியது. எஞ்சியிருந்த அரசு நிறுவனப் பெயர்களிலிருந்தும் நீக்க 2011 தொடக்கத்தில் முடிவெடுத்தது. தேயிலைப் பெட்டியில் மட்டும், விலை போகும் பெயர் என்பதால், அதை விட்டுவைத்தது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளைக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் ஊரார் சிலோன்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.