மீட்டரிலிருந்து கார் எத்தனை அடி?

மின்சாரக் கார் வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று. அடுத்தது, பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி. வீட்டில் சார்ஜர் மாட்ட எவ்வளவு ஆகும் என்ற கேள்வி பெரும்பாலும் முன்பணம் கட்டிய பிறகுதான் எழுகிறது. அதற்கு விற்பனையாளர் சொல்வது சார்ஜர் பெட்டியின் விலை. மீதியைச் சொல்ல வேண்டியவர் எலக்ட்ரீஷியன். அவர் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, அங்கிருந்து கார் நிற்கும் இடம் வரை நடந்தால்தான் அந்தத் தொகை தெரியும்.

பெட்டியின் விலையில் ஒளிவுமறைவு இல்லை. மஹிந்திரா நிறுவனம் 2024 நவம்பரில் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களை அறிமுகம் செய்தபோது, 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 50,000 ரூபாய், 11.2 கிலோவாட் சார்ஜருக்கு 75,000 ரூபாய் என்று தனியாகவே அறிவித்தது. சார்ஜரைக் காரின் விலையிலேயே அடக்கி, பொருத்தியும் தருகிற நிறுவனங்கள் உண்டு. ஆனால் அந்தச் சலுகை பெரும்பாலும் குறிப்பிட்ட நீளக் கம்பியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்குமான காசு கார் வாங்கியவர் கையிலிருந்துதான் போக வேண்டும்.

தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. வாசல் சுவரில் மீட்டர், அதற்குப் பக்கத்திலேயே போர்டிகோ. ஐந்தாறு மீட்டர் கம்பி, ஒரு சுவிட்ச், புதிதாக ஓர் எர்த் குழி. அரை நாள் வேலை. அதே காரை நான்கு மாடி அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுபோனால் கணக்கு மாறிவிடுகிறது. எல்லா மீட்டர்களும் மாடிப்படிக்கு அடியில் வரிசையாக இருக்கும். கார் நிறுத்தும் இடமோ கட்டடத்தின் மறுகோடியில். நடுவில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், பக்கத்து வீட்டுக்காரரின் பைக். கம்பி உத்தரத்தை ஒட்டி, இரண்டு மூன்று தூண்களைச் சுற்றி வளைந்து வந்தால் 50 மீட்டரை எளிதில் தொட்டுவிடும்.

அந்த 50 மீட்டருக்கு ஏன் இவ்வளவு கவலை? 7.2 கிலோவாட் சார்ஜர் இழுப்பது 32 ஆம்பியர். ஒன்றரை டன் ஏ.சி. நான்கை ஒரே நேரத்தில் ஓட விட்டதற்குச் சமம். அதுவும் பத்து நிமிடம் இழுத்துவிட்டு ஓய்வதில்லை, மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்கும். 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 32 ஆம்பியர் 50 மீட்டர் பயணம் செய்தால், போய்ச் சேர்வதற்குள் 11 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே தொலைந்துவிடும். கிட்டத்தட்ட 370 வாட் சுவருக்குள் சூடாக வீணாகிறது. 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 7 வோல்ட்டாகக் குறையும், ஆனால் தாமிரம் கூடக் கூட விலையும் ஏறும். கம்பி, அதைக் காக்கும் குழாய், எம்சிபி, கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி, எர்த், ஆள்கூலி எல்லாம் சேரும்போது, பெட்டிக்குக் கொடுத்த தொகையை வழித்தடத்தின் செலவு எட்டிப்பிடிப்பது இப்படித்தான். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு போதாவிட்டால், மின்வாரிய அலுவலகத்தில் அதைக் கூட்ட வேண்டும். சிங்கிள் ஃபேஸ் இணைப்பை த்ரீ ஃபேஸாக மாற்றும் வேலையும் கட்டணமும் தனி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு 7.2 கிலோவாட் சார்ஜரே தேவையில்லை. டாடா டியாகோவின் 24 கிலோவாட் ஹவர் பேட்டரியைச் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் 10 சதவீதத்திலிருந்து நிரப்ப ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இரவு ஒன்பதரைக்குச் செருகினால் காலை ஆறரைக்கு முழுதாக நிரம்பியிருக்கும். பேட்டரியைத் தினமும் காலியாக்கி நிரப்புகிறவர் யார்? தாம்பரத்திலிருந்து கிண்டி வரை அலுவலகம் போய் வருகிறவர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால், அதற்குத் தேவை ஆறு யூனிட் சொச்சம். அந்தச் சாதாரண பிளக்கில் இரண்டரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும். மீதி இரவு முழுக்க கார் சும்மாதான் நிற்கும். வேகமான சார்ஜருக்குக் கொடுக்கும் காசை நல்ல கம்பிக்கும் நல்ல எர்த்துக்கும் கொடுத்தால் அதே காசு வீட்டையும் காக்கும்.

காக்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறது. பழைய வீடுகளில் '15 ஆம்பியர்' என்று சுவரில் இருக்கும் பிளக்குக்குப் பின்னால் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஓடுவதும், அதே கம்பியில் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் தொங்குவதும் சாதாரணம். ஹீட்டர் பதினைந்து நிமிடத்தில் அணைந்துவிடுவதால் அந்தக் கம்பி தாக்குப்பிடித்து வந்திருக்கிறது. எட்டு மணி நேரம் தொடர்ந்து 13, 14 ஆம்பியர் ஓடும்போது தளர்ந்த இணைப்பு சூடேறும், பிளக் உருகும். எர்த் சரியில்லை என்றால் நல்ல சார்ஜர் வேலை செய்யவே மறுக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி ஏமாற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் இரும்பு உடல் முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும். இதை எந்த எலக்ட்ரீஷியனும் செய்யக் கூடாது, எந்த வீட்டுக்காரரும் செய்யச் சொல்லக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து கிளம்பிய புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். தூங்கும் வீட்டுக்குள் சார்ஜ் ஏறும் வண்டி இருக்கக் கூடாது என்பதை அதற்குப் பிறகு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சென்னைக்கென்று இன்னொரு செலவும் உண்டு, உயரம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பகுதிகளில் ஸ்டில்ட் பார்க்கிங்குகள் குளமாயின. அங்கெல்லாம் சார்ஜரை இடுப்பு உயரத்தில் மாட்டுவது தவறு. போன வெள்ளத்தின் நீர்மட்டம் சுவரில் விட்டுப்போன கறையைப் பார்த்து, அதற்கு மேலே மாட்ட வேண்டும். கீழே தண்ணீர் வரும்போது மாடியிலிருந்தபடியே இணைப்பைத் துண்டிக்க ஒரு சுவிட்சும் வேண்டும்.

இனி மாதாந்திரச் செலவு. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரக் கட்டணம் படிக்கட்டுபோல ஏறுகிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள். 500 தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 600 தாண்டினால் 9க்கு மேல், 800 தாண்டினால் 10க்கு மேல், 1,000 தாண்டினால் 11க்கு மேல். இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இப்போது வரும் பில் 1,200 ரூபாய்க்குள். கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் கூடும். பில் 720 யூனிட்டாகி, 4,000 ரூபாயைத் தொட்டுவிடும். அதாவது காருக்காக ஏறிய ஒவ்வொரு யூனிட்டும் சுமார் 9 ரூபாய்க்கு வருகிறது. 500 யூனிட்டுக்குள் இருந்தவரை கிடைத்த கூடுதல் மானியமும் கையைவிட்டுப் போகிறது. முதல் பில்லைக் கையில் வாங்கியதும் பலர் அதிர்ந்துபோவது இதனால்தான்.

அதிர வேண்டியதில்லை. அதே 2,000 கிலோமீட்டரை, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் ஓடினால் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 13,000 ரூபாய்க்கு மேல் ஆகும். மின்சாரத்தில் 3,000 ரூபாய்க்குள் முடிகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 10,000 ரூபாய் மிஞ்சினால், கம்பிக்கும் பெட்டிக்குமாக 50,000 ரூபாயே செலவானாலும் பத்து மாதத்தில் திரும்பிவிடும். ஆக, மாட்டும் செலவு தாங்க முடியாதது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் செலவைச் செய்ய ஒருவரை அனுமதிப்பார்களா என்பதே பெரிய கேள்வி.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் அந்தக் கேள்வி கிளம்பும். ஒருவர் பொது உத்தரத்தில் துளை போடக் கூடாது என்பார். இன்னொருவர் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பார். இவரை விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள், டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பார் மூன்றாமவர். கடைசிக் கேள்வி நியாயமானது, பதில் தேடப்பட வேண்டியது. ஆனால் பதில் தேடுவதற்குப் பதிலாகத் தீர்மானத்தைத் தள்ளிவைப்பதே நடக்கிறது. பொது மீட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லும் சங்கங்களிலும் சண்டை வரும். லிஃப்ட்டும் மோட்டாரும் ஓடும் அந்தப் பொது மீட்டருக்கு 2022 செப்டம்பருக்குப் பிறகு யூனிட் 8 ரூபாய் என்றாயிற்று. பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-இல் ஐந்தரை ரூபாயாகக் குறைத்தார்கள். யார் எவ்வளவு இழுத்தார்கள் என்பதை அளக்கத் தனி மீட்டர் வைக்காமல் இதைத் தீர்க்க வழியில்லை.

வாடகைக்கு இருப்பவரின் நிலை இன்னும் மோசம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவர் அடுத்தவர் சுவருக்குள் 30,000 ரூபாய்க் கம்பியைப் புதைத்துவிட்டுப் போவாரா? பெட்டியைக் கழற்றி எடுத்துப் போகலாம், கம்பியை எடுத்துப் போக முடியாது.

சட்டத்தில் கதவு மூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் சொன்னது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், வண்டிக்கென்றே தனி இணைப்புக் கேட்கும் உரிமையையும் தந்தன. புது இணைப்புக்குப் பெருநகரத்தில் மூன்று நாள், நகராட்சியில் ஏழு நாள், கிராமத்தில் பதினைந்து நாள் என்று கெடுவும் வைத்தன. ஆனால் மின்வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. மீட்டரிலிருந்து கார் வரையிலான அந்த 50 மீட்டரில் குறுக்கே நிற்பவர்களிடம் கேட்க இந்த விதிகள் போதுவதில்லை.

அரசின் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம். 2023 மின்வாகனக் கொள்கை மின்சாரக் கார்களுக்கு அதை முழுமையாக விலக்கியது. 15 லட்ச ரூபாய்க் காருக்கு 2,70,000 ரூபாய் விலக்கு. மாடியில் சூரிய மின்தகடு போட மத்திய அரசு 78,000 ரூபாய் வரை தருகிறது. காருக்கும் சார்ஜருக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சார்ஜரை மீட்டரோடு இணைக்கும் கம்பிக்கு மட்டும் 18 சதவீதம். கார் வாங்கும் வசதி உள்ளவருக்கு லட்சங்களை விட்டுக்கொடுக்கும் கொள்கை, அந்தக் காரை இரவில் நிறுத்தி வைக்கும் குடியிருப்புக்கு ஒரு மீட்டர் கம்பியும் தரவில்லை.

வேறு விதமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லி அரசு 2021 நவம்பரில் ஒற்றைச் சாளர முறை கொண்டுவந்தது. மின் விநியோக நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்தால் அவர்கள் அங்கீகரித்த ஆட்கள் வந்து மாட்டித் தருவார்கள். முதல் 30,000 சார்ஜிங் முனைகளுக்குத் தலா 6,000 ரூபாய் மானியம். எளிய சார்ஜர் என்றால் பயனாளி தர வேண்டியிருந்தது சுமார் 2,500 ரூபாய். இங்கிலாந்தில் 2022 ஜூனிலிருந்து கார் நிறுத்துமிடத்தோடு கட்டப்படும் புது வீடுகளில் சார்ஜர் இருந்தாக வேண்டும். அங்கே அதே ஆண்டில் தனி வீட்டு உரிமையாளர்களுக்கான மானியத்தை நிறுத்திவிட்டு, அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கும் வாடகைதாரர்களுக்கும் மட்டும் தொடர்ந்தார்கள். யாருக்குச் செலவு அதிகமோ அவருக்கு உதவி என்ற எளிய நியாயம் அது. கலிஃபோர்னியாவிலோ, தன் செலவில் தன் இடத்தில் சார்ஜர் மாட்ட விரும்புகிறவரைக் குடியிருப்புச் சங்கம் தகுந்த காரணமின்றித் தடுக்க முடியாது என்று பத்தாண்டுக்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது.

தமிழ்நாடு 2022-இல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தைப் புதிதாக இயற்றியது. சங்கத்துக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உரிமைகளைப் பேசும் அந்தச் சட்டத்தில் கலிஃபோர்னியாவின் அந்த ஒரு வரியைச் சேர்ப்பது கடினமான காரியம் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் பற்றிய அச்சத்துக்கும் வழி இருக்கிறது. எல்லாக் காரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்காதபடி மொத்த லோடைப் பங்கிட்டுக் கொடுக்கும் சார்ஜர்கள் வந்துவிட்டன. இருபது வீட்டுக்காரர்கள் தனித்தனியே இருபது கம்பி இழுப்பதைவிட, மீட்டர் அறையிலிருந்து பார்க்கிங் வரை ஒரே தடித்த கேபிள் இழுத்து அங்கிருந்து பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஆகும் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். மானியம் தருவதென்றால் அந்தப் பொதுக் கேபிளுக்குத் தர வேண்டும்.

புதுக் கட்டடங்களுக்கு அதுகூட வேண்டாம். மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள், வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டன. பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோவை அவிநாசி சாலையிலும் இன்றைக்குத் தளம் போட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே மீட்டர் அறையிலிருந்து ஒவ்வொரு கார் நிறுத்துமிடத்துக்கும் ஒரு பிவிசி குழாயை வைத்துவிடச் சொல்லலாம். கம்பியை, கார் வாங்கும்போது இழுத்துக்கொள்ளட்டும். குழாயின் செலவு வீட்டு விலையில் கண்ணுக்கே தெரியாது. கட்டி முடித்த பிறகு அதே வழித்தடத்துக்கு உத்தரத்தில் துளையும், சங்கத்தின் அனுமதியும், தூண்களைச் சுற்றி வளையும் கூடுதல் தாமிரமும் வேண்டியிருக்கும். வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரி அந்தக் குழாய் இருக்கிறதா என்று இப்போதே கேட்க வேண்டும்.