கடைசி இடத்திலிருந்து எழுமா சிஎஸ்கே? புது அணியின் கணக்கு இதுதான்

14 ஆட்டங்கள், 4 வெற்றிகள், பட்டியலில் 10-வது இடம். 2025 ஐபிஎல் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு இப்படித்தான் முடிந்தது. 2008-ல் தொடங்கி ஆடிய எந்த சீசனிலும் சிஎஸ்கே கடைசி இடத்துக்கு வந்ததே இல்லை. அந்த வகையில் இது முதல் முறை.

'ஒரு வருஷம் சறுக்கினா அடுத்த வருஷம் கப்பு' என்பது மஞ்சள் ரசிகர்களின் பழைய நம்பிக்கை. அதற்குக் காரணமும் இருக்கு. 2020-ல் 7-வது இடம், 2021-ல் சாம்பியன். 2022-ல் 9-வது இடம், 2023-ல் மறுபடியும் சாம்பியன். ஆனால் இந்த முறை அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. 2024-லும் பிளே ஆஃப் இல்லை, 2025-லும் இல்லை. அடுத்தடுத்து இரண்டு சீசன் வெளியே நின்றதும் இந்த அணிக்குப் புதுசு. முந்தைய இரண்டு மீட்சியிலும் அணியின் அடித்தளம் மாறவில்லை. இப்போது அடித்தளத்தையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

2025-ல் எங்கே தப்பு நடந்தது?

முதலில் சேப்பாக்கம். சொந்த மண்ணில் ஆடிய 6 ஆட்டங்களில், மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மட்டும்தான் வெற்றி. மீதி ஐந்தும் தோல்வி. 2008-க்குப் பிறகு பெங்களூரு அங்கே ஜெயித்தது. 2010-க்குப் பிறகு டெல்லி ஜெயித்தது. ஹைதராபாத் முதல் முறையாக ஜெயித்தது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன்தான் எடுத்தோம். அவர்கள் அதை 11-வது ஓவரிலேயே முடித்துவிட்டுப் போனார்கள். 'சுழலுக்கு ஏத்த பிட்ச், அனுபவ வீரர்கள், நிதான ஆட்டம்' என்ற பழைய ஃபார்முலா வீட்டிலேயே வேலை செய்யவில்லை.

அடுத்தது வேகம். மற்ற அணிகள் முதல் 6 ஓவரிலேயே ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும் காலத்தில், சிஎஸ்கே விக்கெட்டைக் காப்பாற்றுவதிலேயே பவர்பிளேயைக் கழித்தது. நடுவில் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை காயத்தால் வெளியேற, தோனி மறுபடியும் கேப்டன் ஆனார். அதனால் பட்டியலில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை.

நல்லது நடந்ததெல்லாம் சீசனின் பின்பாதியில்தான், அதுவும் மாற்று வீரர்களால். 17 வயதில் வந்த ஆயுஷ் மாத்ரே பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தார். டெவால்ட் பிரெவிஸ் 6 இன்னிங்ஸில் 225 ரன் எடுத்தார், ஸ்ட்ரைக் ரேட் 180. உர்வில் பட்டேல் முதல் ஆட்டத்திலேயே 11 பந்தில் 31 விளாசினார். பந்துவீச்சில் நூர் அகமது 24 விக்கெட். கடைசி ஆட்டத்தில் குஜராத்தை அதன் சொந்த மைதானமான அகமதாபாத்திலேயே 83 ரன்னில் வீழ்த்தியது அணி. நிர்வாகம் திசை மாறியதற்கு இந்தச் சில வாரங்கள்தான் ஆதாரம்.

என்ன மாற்றினார்கள்?

2025 நவம்பரில் வந்தது பெரிய அதிர்ச்சி. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை 18 கோடி ரூபாய் சம்பளத்தில் வாங்கினார்கள். ஜடேஜா 2012-ல் வந்தவர். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர். அவரையே விட முடியும் என்றால், இனி யாருக்கும் இடம் பட்டா போட்டுத் தரப்படவில்லை என்று அர்த்தம்.

பத்திரனா, கான்வே, ரச்சின் ரவீந்திரா, ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் எல்லோரையும் விடுவித்தார்கள். அஸ்வின் முன்பே ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். 43.40 கோடி ரூபாயுடன் டிசம்பர் 16-ல் அபுதாபி ஏலத்துக்குப் போனது சிஎஸ்கே. அங்கே உத்தரப் பிரதேசத்தின் 20 வயது பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் 19 வயது கார்த்திக் சர்மா இருவரையும் தலா 14.20 கோடிக்கு எடுத்தது. இருவரின் அடிப்படை விலையும் 30 லட்சம்தான். இந்தியாவுக்கு ஆடாத ஒரு வீரருக்கு ஐபிஎல் ஏலத்தில் இவ்வளவு பெரிய தொகை இதற்கு முன் போனதில்லை. 'அப்பாக்கள் படை' என்று கேலி கேட்ட அணி இரண்டு பையன்களுக்கு 28.40 கோடி கொடுத்திருக்கிறது.

'ரீபில்டு' என்றால் எவ்வளவு நாள்?

அமெரிக்க பேஸ்பாலில் இது ஒரு தனிக் கலை. அங்கே கடைசியில் வரும் அணிகளுக்கு அடுத்த ஆண்டு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கும். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013 மூன்று சீசனிலும் 100 ஆட்டங்களுக்கு மேல் தோற்றது. பொறுமையாக இளைஞர்களை வளர்த்து 2017-ல் வேர்ல்டு சீரிஸ் பட்டத்தை ஜெயித்தது.

ஐபிஎல்லில் அந்தச் சலுகை கிடையாது. கடைசியில் வந்தாலும், முதலில் வந்தாலும் ஏலத்தில் எல்லாருக்கும் ஒரே மேஜைதான். அதைவிடப் பெரிய சிக்கல், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் மெகா ஏலம். இப்போதைய சுற்று 2027 சீசனோடு முடிகிறது. அதன் பிறகு ஒவ்வொரு அணியும் சில பேரைத்தான் தக்கவைக்க முடியும். அதாவது வீர், கார்த்திக், மாத்ரே, பிரெவிஸ் எல்லோரையும் ஒன்றாக வைத்து வளர்க்க சிஎஸ்கேவுக்குக் கையில் இருப்பது இரண்டே சீசன்.

எது பலம், எது ஓட்டை?

பேட்டிங்கில் கவலை குறைவு. ருதுராஜ், சஞ்சு, மாத்ரே, பிரெவிஸ், ஷிவம் துபே, உர்வில், கூடவே 75 லட்சத்துக்குக் கிடைத்த சர்ஃபராஸ் கான். இத்தனை அடித்து ஆடுபவர்கள் ஒரே நேரத்தில் இந்த அணியில் இருந்த ஞாபகம் இல்லை.

ஓட்டை பந்துவீச்சில்தான். பத்திரனா போன பிறகு கடைசி 4 ஓவரை யார் போடுவது? கலீல் அகமது, அன்ஷுல் கம்போஜ் இருவரும் புதுப்பந்தில் நல்லவர்கள். மாட் ஹென்றியும் அதே ரகம்தான். நேதன் எல்லிஸைத் தவிர டெத் ஓவர் நிபுணர் என்று சொல்ல ஆள் இல்லை. சுழலில் நூருக்குத் துணையாக ராகுல் சாஹரும் அகீல் ஹொசைனும் வந்திருக்கிறார்கள். ஆனால் 4 ஓவர் போட்டு, 7-வது ஆளாக வந்து 30 ரன்னும் அடிக்கும் ஜடேஜாவின் வேலையை ஒரே ஆளாகச் செய்ய யாரும் இல்லை. அந்தப் பாரம் பிரசாந்த் வீர் தலையில் விழும்.

அடுத்து, யாரும் சத்தமாகக் கேட்காத கேள்வி. தோனிக்கு 44 வயது. விக்கெட் கீப்பிங்குக்கு சஞ்சு, உர்வில், கார்த்திக் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். தல ஆடட்டும், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவருக்காக ஒரு இளைஞன் பெஞ்சில் உட்கார்ந்தால், இத்தனை கோடி செலவழித்த மாற்றத்துக்கே அர்த்தமில்லாமல் போகும். எந்த ஆட்டத்தில், எந்த இடத்தில் என்பதை சீசன் தொடங்கும் முன்பே ஃபிளெமிங்கும் ருதுராஜும் முடிவு செய்தாக வேண்டும்.

ராயகிரியிலிருந்து பார்த்தால்…

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் டென்னிஸ் பந்தில் ஆடும் ஒரு பையனுக்கு இந்த மஞ்சள் சட்டையில் இடம் உண்டா? வாஷிங்டன் சுந்தர், சாய் சுதர்சன், சாய் கிஷோர், ஷாருக் கான் நால்வரும் குஜராத்தில். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசி மேலே வந்த நடராஜன் டெல்லியில். சிஎஸ்கேவிலோ, ஆந்த்ரே சித்தார்த்தையும் விடுவித்த பிறகு, தமிழ்நாட்டு ரஞ்சி அணியிலிருந்து சொல்ல குர்ஜப்னீத் சிங் ஒருவர்தான் மிச்சம். சொல்லப்போனால் ராயகிரிக்குச் சென்னையைவிட, சஞ்சுவின் திருவனந்தபுரம்தான் பக்கம்!

ஊர்ப் பாசத்துக்காகத் தகுதி இல்லாதவரை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இளைஞர்களைத் தேடி அமேதிக்கும் பரத்பூருக்கும் போகும் கண், டிஎன்பிஎல் நடக்கும் நெல்லை சங்கர் நகர் மைதானத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். அடுத்த மெகா ஏலத்துக்குள் அது நடக்கவில்லை என்றால், பெயரில் மட்டும்தான் சென்னை இருக்கும்.

சரி, பிளே ஆஃப் போகுமா?

போக வாய்ப்பு இருக்கிறது, உறுதி இல்லை. 5, 6-வது இடத்தில் முடிந்தால்கூட அது தோல்வி அல்ல என்பது நம் கருத்து. கோப்பையைவிட மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பவர்பிளேயில் பயமில்லாமல் ஆடுகிறார்களா? சேப்பாக்கத்தில் பாதிக்கு மேல் ஜெயிக்கிறார்களா? ஒரு சின்னப் பையன் இரண்டு முறை டக் அவுட் ஆனாலும் மூன்றாவது ஆட்டத்தில் அவன் பெயர் அணியில் இருக்கிறதா?

மூன்றாவது விஷயம் நம் கையிலும் இருக்கிறது. 14.20 கோடி என்ற விலையை வீரோ, கார்த்திக்கோ நிர்ணயிக்கவில்லை. ஏலத்தில் பலகையைத் தூக்கியவர்கள் நிர்ணயித்தார்கள். இரண்டு ஆட்டம் சொதப்பினால் உடனே மீம் போட்டு, 'ஒரு ரன்னுக்கு இத்தனை லட்சம்' என்று கணக்குப் போடக் கை துடிக்கும். 19 வயதில் அந்தப் போஸ்ட்டை அவனும் போனில் பார்ப்பான். விமர்சனம் செய்யுங்கள், தப்பில்லை. அதை அணி நிர்வாகத்தின் திட்டத்தைப் பார்த்துச் செய்யுங்கள்; பையனுக்கு ஒரு முழு சீசன் கொடுங்கள்.