எல்லையில் தவறும் ஊசிக்கு யார் பொறுப்பு?

"தமிழ்க்காரர்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போடுவதில்லை. அவர்களுக்கு அக்கறை போதாது." மூணாற்றிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை இந்தப் பேச்சு நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அக்கறை இல்லாத தாய் எந்த லயத்தில் இருக்கிறாள்? காட்டுங்கள், பார்ப்போம்.

நடப்பது என்ன? பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். போடியிலோ கம்பத்திலோ பொள்ளாச்சியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறக்கிறது. பிறந்த கையோடு பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூன்றும் கிடைக்கின்றன. ஆறாம் வாரத்து ஊசியும் அங்கேயே முடிகிறது. பிறகு அவள் மலையேறி வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பது மாதம் முடிந்ததும் மணல்வாரி ஊசி, ஒன்றரை வயதில் பூஸ்டர், ஐந்து வயதில் இன்னொன்று, இவையெல்லாம் யார் கணக்கில்? தேனி ஜில்லா நர்ஸம்மாவின் பதிவேட்டில் பிள்ளை "ஊரில் இல்லை". இடுக்கி ஜில்லாவின் பதிவேட்டில் பிள்ளை பிறக்கவே இல்லை!

நம்மில் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு கூடை மாம்பழத்தைப் பார்சலில் போட்டால் அதற்கு ஒரு வே-பில் உண்டு. வாளையாறு தாண்டினாலும் அந்தக் கூடை இன்னாருடையது, இங்கே ஏறியது, இங்கே இறங்க வேண்டியது என்று தாள் சொல்லும். காணாமல் போனால் நஷ்டஈடு கேட்கலாம். அதே எல்லையைத் தாண்டும் கைக்குழந்தைக்கு அந்தக் கூடைக்குள்ள மரியாதை இல்லை. 'ஊர் எதுவானாலும் ஊசி' என்ற வாக்குறுதியோடு மத்திய அரசு யூ-வின் என்ற கணினிப் பதிவைக் கொண்டுவந்திருக்கிறது. நல்லது. ஆனால் பிள்ளை எந்த லயத்தில் இருக்கிறது என்று கணினி வந்து கதவைத் தட்டாது. ஆள்தான் வர வேண்டும்.

கூலிப் பிரச்சினைக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடுவது புதன்கிழமை. புதன்கிழமை கொழுந்தும் எடுக்க வேண்டும், ஏலக்காயும் பறிக்க வேண்டும். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியுமுன் ஜீப்பில் அடைபட்டு வருகிற பெண், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வருகிறாள். அவள் ஒரு புதனை ஊசிக்குக் கொடுத்தால் ஒருநாள் கூலி போகும். ஊசி இலவசந்தான், புதன்கிழமை இலவசமில்லை. ஆஸ்பத்திரியையும் பிள்ளைக் காப்பகத்தையும் 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் தலையில் வைத்தது. 2025 நவம்பரில் சட்டத்தின் பெயர் மாறியது. தாயின் கூலி வெட்டு மாறவில்லை. போனசுக்குக் கொடி பிடிக்கும் தொழிற்சங்கத் தலைவர்கள் இந்த ஒரு புதனை எந்தப் பேச்சுவார்த்தையில் வைத்தார்கள்?

இது வெறும் பதிவேட்டுச் சண்டையல்ல, தோழர்களே. நமக்குப் பக்கத்து ஜில்லா மலப்புரத்தில் 2015-லும் 2016-லும் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் செத்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் பேர்பெற்ற கேரளத்தில்! 2022-ல் அதே ஜில்லாவில் மணல்வாரி பரவி, தில்லியிலிருந்து குழு வந்தது. அங்கெல்லாம் தமிழ்க்காரனா காரணம்? ஊசி விட்டுப்போன இடத்தில் நோய் புகும். அது மொழி கேட்பதில்லை. நூற்றுக்கு 95 பிள்ளைகளாவது இரண்டு டோஸும் போட்டிருந்தால்தான் மணல்வாரியைத் தடுத்து நிறுத்த முடியும். ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பம் வாழ்கிற லயத்தில் ஒரு பிள்ளை இருமினால் என்னாகும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "போன ஊசிக்குக் காய்ச்சல் வந்தது, இனி வேண்டாம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அந்தக் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் தணிந்ததையும் சொல்ல வேண்டாமா? அம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், வேப்பிலை கட்டுங்கள். நமக்கு அதில் சண்டையில்லை. ஊசியும் போடுங்கள். நாள் தவறிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று இருந்துவிடாதீர்கள். லேட்டாக வருகிற வண்டியைப் புறப்பட்ட ஸ்டேஷனுக்கே திருப்பி அனுப்புகிறோமா? விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து எல்லாம் போட வேண்டியதில்லை. எந்த ஊசிக்கு எந்த வயதுவரை இடமுண்டு என்பதை நர்ஸ் பார்த்துச் சொல்வார்.

அரசாங்கத்தால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் அஸாமில், கரீம்கஞ்ச் ரயில்வே ஸ்டேஷனில் கண்டுபிடிக்கப்பட்டார். வங்கதேசத்திலிருந்து வந்த, வீடு வாசல் இல்லாத ஒரு பெண். பிளாட்பாரத்தில் கிடந்தவரைத் தேடிப் பிடித்தார்கள். அந்த நாட்களில் வீடு வீடாக ஏறி இறங்கித் தேடியதால்தான் 1977-ல் பெரியம்மை ஒழிந்த நாடு என்று பேர் வந்தது. அன்று நாடோடியைத் தேடியவர்களுக்கு இன்று ஜீப்பில் வருகிற பெண்ணின் பிள்ளையைத் தேட முடியாதா?

மருந்து தில்லி அனுப்புவது. அட்டவணையும் இரு மாநிலத்துக்கும் அடிப்படையில் ஒன்றே. ஆகவே நாம் கேட்பது இதுதான்: அட்டை தமிழில் இருக்கிறதென்றோ, தொலைந்துவிட்டதென்றோ எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஊசி நாளில் தாய்க்குக் கூலியோடு லீவு வேண்டும். தேனியும் இடுக்கியும், கோயம்புத்தூரும் பாலக்காடும் மாதம் ஒருமுறை பெயர்ப்பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். மனுவில் கையெழுத்து வாங்க நம் கிளைத் தோழர்கள் லயங்களுக்கு வருவார்கள். வரும்போது பிள்ளையின் ஊசி அட்டையையும் எடுத்து வையுங்கள். விட்டுப்போன ஊசிகளைப் பார்த்து அங்கேயே குறித்துக் கொடுப்பார்கள்.