புதிய பாடலுக்குச் செவி கொடுப்போம்

"இக்காலப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா?" என்று வீட்டில் நாம் எத்தனை முறை கூறியிருக்கிறோம்! இளமையில் கேட்டவற்றோடு நம் செவி நின்றுவிடுகிறது.

வால்பாறையில் விடாமழை பெய்த ஒரு மாலை. திருப்பூரில் பணிபுரியும் நம் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். வேலையைப் பற்றிய நம் பேச்சு, வழக்கம்போல் வாக்குவாதத்தில் முடிந்திருந்தது. மௌனத்தைக் கலைக்க அவன் கைப்பேசியில் ஒரு பாடலை ஒலிக்கச் செய்தான். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தோம். "முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அப்பா" என்றான். கேட்டோம்; உள்ளம் உருகிற்று.

இயற்றியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையாம்! 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய கத்தோலிக்கர் என்று மட்டுமே அவரை அறிந்திருந்தோம். முன்சீப் பதவியை விட்டபின், ஐம்பதைக் கடந்த வயதில், 1878இல் அவர் வெளியிட்டதே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. ஒரே இறைவனை எல்லாச் சமயத்தாரும் போற்றும்படி பாடியதால், கருநாடக இசை மேடைகளில் அவை இன்றும் ஒலிக்கின்றன. பாடல் பழையது, நமக்கோ புத்தம் புதியது!

அன்றிரவு தந்தையும் மகனுமாக மேலும் மூன்று பாடல்கள் கேட்டோம். வாக்குவாதம் தொடரவில்லை. அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் ஒரு பாடலைக் கேட்கச் சொன்னால், ஒருமுறையேனும் முடிவுவரை கேளுங்கள்.