கனத்த குண்டு என்னும் மூடநம்பிக்கை

கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரில் டீக்கடைப் பேச்சு காட்டுப்பன்றியில் தொடங்கினால் துப்பாக்கியில் வந்துதான் முடியும். அன்றும் அப்படித்தான் ஆனது. “அண்ணே, ரைபிள் சின்னதா இருந்தா என்ன? குண்டு கனமா இருக்கணும். அந்தக் கரையில நிக்கிற பன்னிய இந்தக் கரையில இருந்தே சாய்ச்சுரலாம்” என்றார் ஒரு தம்பி. கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரே ராத்திரியில் நிலக்கடலையைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் துளியும் நியாயம் இல்லை.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை படிப்படியாக முடிந்துபோனது. பேச்சு மறுபடி கிளம்பியதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு முடிவெடுத்தது: காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம், 1 கி.மீ.க்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. சுடுவது யாராக இருந்தாலும், எந்தக் குண்டால், எவ்வளவு தூரத்திலிருந்து என்ற கேள்வி இனி இந்தப் பள்ளத்தாக்கின் கேள்வி.

இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். .303 போன்ற ராணுவத் தோட்டாக்கள் சாதாரண உரிமத்தில் கிடைக்காததால், நம் நாட்டில் பலர் கையில் இருப்பது அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .315 ரைபிள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரிய ராணுவத்துக்கு வந்த மன்லிக்கர் தோட்டாவின் வழிவந்தது அது. மருந்து அளவானது, குண்டோ 244 கிரெய்ன், ஏறக்குறைய 15.8 கிராம். அந்தத் தம்பி கேட்ட கனத்த குண்டு நூறு வருஷத்துக்கு மேலாக இங்கேயே இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

குழலை விட்டு வினாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், 200 மீட்டரில் குண்டு ஒரு அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். 300 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல். நல்ல வளர்ந்த பன்றியே தோள் உயரத்தில் ஒரு மீட்டர் இருக்காது. தூரத்தை 20 மீட்டர் தப்பாக மதித்தால் இன்னொரு சாண் மாறும். டார்ச் வெளிச்சத்தில், கரும்புக்கும் வாழைக்கும் நடுவில், 280 மீட்டரா 300 மீட்டரா என்று யார் சொல்ல முடியும்?

தோட்டாக்கூடு தாங்கும் அழுத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் கனத்தைக் கூட்டினால் வேகம் குறைந்தே தீரும். குண்டு நீண்டால் அது கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நீண்ட குண்டுக்குச் சுழற்சியும் கூடுதலாக வேண்டும். குழலின் உட்புரி அதற்கேற்ப இறுக்கமாக இல்லையென்றால், ஓயும் பம்பரம்போல ஆடித் தடுமாறும். குண்டை மாற்றலாம், குழலின் புரியை எப்படி மாற்றுவது?

கனத்த குண்டுக்கு ஒரு பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஊசிபோல் ஒடுங்கிய நீண்ட குண்டு காற்றைக் கிழித்துப் போய், வெகுதூரத்தில் லேசான குண்டைவிட வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அந்தப் பெருமையில் வடிவத்துக்குப் பாதிப் பங்கு. .315இன் குண்டோ மொட்டை மூக்கு. ஆனி, ஆடியில் கம்பம் கணவாய் வழியே இறங்கும் காற்றை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தாலே போதும். வினாடிக்கு 5 மீட்டர் குறுக்குக் காற்று 300 மீட்டரில் இந்தக் குண்டை அரை மீட்டர் ஒதுக்கிவிடும். நெஞ்சுக்கு வைத்த குறி குடலில் போய் விழும்.

கிளம்பும்போது குண்டுக்கு இருந்த ஆற்றலில் பாதிகூட 300 மீட்டரில் மிஞ்சாது. மென்முனைக் குண்டு உடலுக்குள் விரிந்தால்தான் பிராணி சீக்கிரம் சாகும். வேகம் போன குண்டு விரியாமல், சின்னத் துளை போட்டுவிட்டு வெளியேறும். பன்றி ஓடும். விடியற்காலையில் அந்த வாழைத்தோப்புக்குள் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் எதிரில் காயம்பட்ட அதே பன்றி நிற்கும். சுட்டவர் எதிரில் அல்ல.

பெரிய வேட்டைக்காரர்களின் பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்கள் அவர்கள் நின்ற இடத்தை மறந்துவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற டபிள்யூ.டி.எம். பெல், பெரும்பாலானவற்றை .275 என்ற சிறு ரைபிளால்தான் சுட்டார். குண்டு 173 கிரெய்ன், அந்த வகைக்குக் கனத்தது. யானை மண்டையோட்டை அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்துவிட்டு, கிட்டப் போய்ச் சுட்டவர் அவர். கனம் அவருக்குக் கொடுத்தது ஊடுருவல், தூரம் அல்ல. ஜிம் கார்பெட் 1930இல் சௌகட் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதும் .275ஆல்தான். இடையில் இருந்தது சில அடி தூரம். நம் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் 300 கிரெய்ன் குண்டு போடுவது. பரண் மேலிருந்து கிட்டத்தில் சுடுவதற்கு ஏற்றது. கனத்த குண்டின் வேலை கிட்டத்து வேலை. அதையே தூரத்துக்கு மருந்தாகச் சொல்வது தலைகீழான பாடம்.

தப்பிய குண்டு எங்கே போகும்? ரைபிள் குண்டு 2 கி.மீ.க்கு மேல் போய் விழக்கூடியது. கம்பமும் உத்தமபாளையமும் சின்னமனூரும் அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு இது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் ராத்திரியிலும் ஆள் இருப்பார்கள். எதிர்க்கரையைப் பார்த்துச் சுடுகிறவருக்கு அந்தப் பந்தல் தெரியாது.

பன்றித் தொல்லைக்கு வழி கேட்டு நிற்கும் விவசாயிகளோடு நானும் நிற்கிறேன். வனத்துறையிடம் கனத்த குண்டு கேட்காதீர்கள். பயிற்சி பெற்ற ஆளைக் கேளுங்கள், நல்ல விளக்கைக் கேளுங்கள், குண்டைத் தாங்கும் மண்மேடு பன்றிக்குப் பின்னால் இருக்கும்படி இடம் பார்த்துச் சுடச் சொல்லுங்கள். சுடுகிறவர் 50 மீட்டருக்குள் வரட்டும். வர முடியாத ராத்திரியில் துப்பாக்கியை இறக்கி வைக்கட்டும்.